பேப்பர் மிராசின் பாஸ்போர்ட்

எங்கள் ஊரில் ஒருவர் தன் பெயரில் இருக்கும் நிலத்துக்கே கூலிக்கு நாற்றுப் பறிக்கப் போவார். பெயர் வைரக்கண்ணு. என் அம்மாவின் அக்கா அம்சத்தைக் கட்டியவர், அந்த வகையில் எனக்குப் பெரியப்பா. தெருவில் அவரை 'பேப்பர் மிராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபம் வராது. அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததில்லை.

நிலம் அவர் பெயருக்கு வந்த கதை ஊரறிந்தது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணை அமிர்தலிங்கம் தன் நிலத்தை மனைவி பெயரிலும் மச்சினன் பெயரிலும் செத்துப்போன சித்தி பெயரிலும்கூட எழுதிப் பார்த்தார். அப்படியும் ஒரு வேலி, ஏறக்குறைய ஏழு ஏக்கர், மிஞ்சியது. அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். அதற்குச் சில வருஷம் முன்னால், அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டுத் தெரு முழுக்க அரிவாளைக் கீழே போட்டிருந்தது. அப்போது பண்ணைக் களத்துக்குப் போன ஒரே ஆள் பெரியப்பா. என் அப்பா உட்படப் பாதித் தெருமேல் வழக்கு விழுந்தது. பெரியப்பாவுக்கு ஒரு வேலி நிலம் விழுந்தது, பேப்பரில். கைநாட்டு வைத்துவிட்டு வந்தவருக்குப் பண்ணையில் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதைத் தலையில் கட்டிக்கொண்டு அடுத்த நாள் அதே வயலில் வரப்போரம் அண்டை வெட்டினார்.

அமிர்தலிங்கம் ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்வார். எந்தக் கரை கட்டினாலும் மேடையில் 'உழுபவனுக்கே நிலம்' என்பார். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார். விவசாயக் கூலிகள் சங்கம் வந்த பிறகு, பண்ணையாரைக் கூப்பிடும் 'ஆண்டே' என்ற சொல் எங்கள் தெருவில் செத்துப்போயிருந்தது. பெரியப்பா வாயில் மட்டும் அது சாகவில்லை.

எண்பத்தாறில், நான் பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தபோது, மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது பெரியப்பாவின் அக்கா எல்லையம்மாளின் மகள். எல்லையம்மாள் கல்யாணமான கையோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனவள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவளிடம் யாரும் எந்தக் காகிதமும் கேட்டதாகக் கதை இல்லை. கங்காணி தலையை எண்ணி ஏற்றினான், அவ்வளவுதான். தாயில்லாத தம்பியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் கரையில் விட்டுவிட்டுப் போனாள். இப்போது பக்கவாதத்தில் கிடக்கிறாள். ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது. பேச வருவதெல்லாம் 'தம்பி' என்ற ஒரு சொல்தான். டிக்கெட்டுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாமாவை உடனே அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தாள்.

பெரியப்பா கடிதத்தை என்னிடம் நீட்டி, "என்ன செய்யணுமோ செய்யி தம்பி, நான் அக்காவப் பாக்கணும்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நானும் அவருக்கு எதையும் செய்ததில்லை.

பி.ஏ. படித்து நான் கற்றது கோடிட்ட இடத்தை நிரப்புவது. அதைச் செய்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "பேர்ல கேஸ் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. கூலிக்குச் சண்டை போடாதவர்மேல் என்ன கேஸ் இருக்கும்? 'நன்னடத்தை' என்று எழுதிக்கொண்டு போனார். வழக்குக்கு அலைந்தே தேய்ந்த என் அப்பா அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் வந்தது. அதில் பெரியப்பாவின் படம், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

விசாவில்தான் சிக்கல். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்: நிலம், வீடு, பாங்கில் பணம், இப்படி ஏதாவது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பாட்டன்கள் பண்ணையை விட்டு ஓடாமல் இருக்கப் பண்ணையார்கள் சாட்டை வைத்திருந்தார்கள். ஐம்பத்தேழு வயதுவரை அந்த ஒரு தெருவைத் தாண்டாத மனிதர், திரும்பி வருவேன் என்று இப்போது தாசில்தாரிடம் சான்று வாங்கிக் காட்ட வேண்டும்!

அப்போதுதான் எனக்கு அந்த ஒரு வேலி நினைவுக்கு வந்தது.

"பெரியப்பா, உங்க பேர்லதான் நிலம் இருக்கே. சொத்துச் சான்று கேப்போம்."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "அது ஆண்டையோடது தம்பி."

"பேப்பர்ல?"

"பேப்பர்ல என் பேரு. நெலம் அவரோடது."

அம்சம் பெரியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இத்தன வருசம் அந்தப் பேருக்காக ஊரு சிரிச்சிச்சு. ஒரு தடவயாவது அதால பிரயோசனம் இருக்கட்டும். போய்யா!"

மனு கிராம நிர்வாக அதிகாரியிடம் போனது. அவர் அதைப் படித்ததும் எங்களை உட்காரவைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் அமிர்தலிங்கம் எங்கள் தெருவுக்கே வந்தார். ஓட்டுக் கேட்கக்கூட மெயின் ரோட்டில் ஜீப்பை நிறுத்தி மைக்கில் பேசுகிறவர், செருப்போடு தெருவுக்குள் நடந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உச்சவரம்பு விசாரணை மறுபடி கிளம்பியிருந்தது. நிலம் வைரக்கண்ணுவுடையதுதான் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தால் அது அவருக்கும் லாபம். கணக்கு அவருக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"வாங்கிக்க வைரம், தாராளமா வாங்கிக்க. அக்காவப் பாத்துட்டு வா," என்றார். "ஆனா மனுச மனசு ஒரே மாதிரி இருக்காது பாரு. சர்க்காருக்குப் பேப்பரு. எனக்கு? காளியம்மா முன்னால ஒரு சத்தியம் பண்ணிடு."

எங்கள் தெருக் கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதை மீறி யாரும் வாழ்ந்ததில்லை என்பார்கள். நான் நம்புவதில்லை. சொல்லப்போனால், மீறிய எத்தனையோ பேர் நன்றாகவே வாழ்கிறார்கள். ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

தெருவே கூடிவிட்டது. அமிர்தலிங்கம் சுற்றிலும் பார்த்தார். சங்கத்து ஆட்கள் நின்றார்கள். 'நிலம் பண்ணையுடையது' என்று அத்தனை பேர் காதுபடச் சொல்லவைக்க அவருக்குத் தைரியம் இல்லை, விசாரணை நடக்கிறதே. ஆகவே குரலைத் தாழ்த்தி, "நெலம் என்னுது இல்லன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

பெரியப்பா சூடத்தை அடித்து அணைத்தார். "ஆத்தா, அந்த நெலம் என்னுது இல்ல."

அப்பா என் பக்கத்தில் நின்று காறித் துப்பினார். எனக்கும் துப்பத் தோன்றியது. துப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சத்தியத்துக்கு ஏற்பாடு செய்த மனுவை எழுதியவன் நான்தானே.

மாதக்கணக்கில் இழுக்கும் சான்று ஒரே வாரத்தில் கைக்கு வந்தது. கோபுர முத்திரையோடு, வைரக்கண்ணு ஒரு வேலி நஞ்சைக்குச் சொந்தக்காரர் என்று. நானும் அவரும் மெட்ராஸுக்கு ரயிலேறினோம். வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எதைக் கேட்டாலும் 'ஆமாங்க' என்று சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தலையாட்டினார். பண்ணையில் ஆட்டிப் பழகிய தலை, அதை நம்பினேன்.

விசா அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஓர் அம்மாள் இருந்தார். எரிச்சல்படாமல் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். டிக்கெட், அக்கா மகளின் கடிதம், பாஸ்போர்ட், கடைசியாகச் சான்று.

"ஐயா, இந்த நிலம் உங்களுதுங்களா?"

பெரியப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். சூடம் சுட்ட இடத்தில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது.

"இல்லீங்க," என்றார்.

"சான்றுல உங்க பேரு இருக்கே."

"பேரு என்னுதுங்க. நெலம் இல்லீங்க."

நான் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லத் தொடங்கினேன். அந்த அம்மாள் என்னைக் கையமர்த்தினார். "அப்ப இங்க உங்களுக்குன்னு என்னய்யா இருக்கு?"

பெரியப்பா யோசித்தார். "அங்க எனக்கு அக்கா இருக்குங்க," என்றார்.

அந்த அம்மாள் முத்திரை குத்தாமலே காகிதங்களை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மெதுவாக ஜன்னல் வழியே எங்கள் பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது ரயிலில் நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விழுப்புரம் தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டேன். "அக்காவ விட அந்தக் கற்பூரம் பெருசாப் போச்சா?" அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எது கோழைத்தனம், எது நேர்மை என்று பிரித்துப் பார்க்க எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவரிடம் இரண்டும் ஒரே துணியில் முடிந்து கிடந்தன.

ஆடி மாதம் எல்லையம்மாள் செத்துப்போனதாகத் தகவல் வந்தது.

கருமாதி முடிந்த மறுநாளே அமிர்தலிங்கத்தின் ஜீப் வந்தது, கூடவே பத்திரம் எழுதுகிறவரும். மெட்ராஸில் நடந்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அங்கே ஜன்னலில் உளறியவன் நாளைக்கு விசாரணையிலும் உளறினால்? நிலத்தைத் தன் மருமகன் பெயருக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"கெளம்பு வைரம். ரெஜிஸ்தர் ஆபீசுல ஒரு கைநாட்டு. நீ வித்த மாதிரி எழுதியாச்சு."

பெரியப்பா மொட்டைத் தலையோடு எழுந்து நின்றார். "நான் எப்படிங்க விக்கிறது?"

"என்னடா?"

"என்னுது இல்லன்னு ஆத்தா முன்னால சொல்லியாச்சு. என்னுது இல்லாதத நான் வித்தா கை வெளங்குமா?"

"டேய், அது வேற, இது வேற!"

"எனக்கு ஒரே கைதானுங்க. சூடம் அணச்சதும் அதான், நாட்டு வைக்கிறதும் அதான்."

அவர் நக்கல் செய்கிறாரா, நிஜமாகவே பயப்படுகிறாரா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். பத்திரம் எழுதுகிறவர் மட்டும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அம்சம் பெரியம்மா கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். "ஏங்க, அவரு பயப்படுறாரு. மறுபடியும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நெலம் தன்னோடதுதான்னு சொல்லி இன்னொரு சூடம் அணைக்கச் சொல்லுங்க. அப்பறம் விக்கலாம். தெருவே வந்து சாட்சிக்கு நிக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். என் அப்பாவும்தான். வழக்குக்குப் பிறகு அவர் பெரியப்பா வாசலில் நின்று சிரித்து நான் பார்த்ததில்லை. அமிர்தலிங்கம் புதுக் கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

இதெல்லாம் நடந்ததால் அவர் பெரிய மனிதராகிவிட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. அடுத்த வாரமே அந்த ஒரு வேலியில் அதே கூலிக்கு நாற்றுப் பறிக்கப் போனார். நீங்களே நட்டுக்கொள்ளுங்கள், யார் தடுப்பது என்று சங்கத்தில் கேட்டார்கள். அவர் வரப்பேறிப் போய்விட்டார். எனக்குப் பழையபடி வெறுப்பு வந்தது.

அக்கா செத்து ஒரு வருஷம் ஓடிய பிறகு, போன வாரம் பெரியப்பா வந்து என் எதிரே குந்தினார்.

"அக்காவப் பொதைச்ச எடத்தப் பாத்துட்டு வர முடியுமா தம்பி?"

"முடியும்."

"அதே பேப்பருதானா?"

"அதேதான்."

"அந்த ஜன்னல்ல அதே கேள்வி கேப்பாங்களா?"

"கேப்பாங்க. நெலம் உங்களோடதான்னு."

கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாஸ்போட்டு எத்தன வருசத்துக்கு இருக்கும்?"

"பத்து வருஷம்."

"அப்ப யோசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.