கனிஷாயின் உப்புக் கணக்கு

என் ஓரகத்தி கனிஷாய் முதல் தடவை ‘ஸ்டார்ட்டப்’ என்று சொன்னபோது, அது ஏதோ புதிதாக வந்திருக்கும் மாட்டு நோய் என்றுதான் நினைத்தேன். அவள் கால்நடை மருத்துவர். அவள் வாயைத் திறந்தால் பாதி நேரம் நோயின் பெயர்தான் வரும்.

என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. கிர்கிஸ்தான் மலைக்குள் கிடக்கும் எங்கள் அத்-பாஷியில் அந்த வார்த்தையைச் சொல்ல அப்போது ஆளே கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்பு தலைநகரம் பிஷ்கெக்கில்கூட, படித்த பிள்ளைக்கு இரண்டே வழிதான். தோர்தோய் பஜாரில் கடை போடலாம், இல்லாவிட்டால் மாஸ்கோவுக்கு விமானம் ஏறலாம். இப்போது எங்களுக்குப் பக்கத்து நாரின் ஊரிலேயே ஒரு பழைய கட்டடத்து மாடியில் பத்துப் பதினைந்து பேர் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். உருப்படாதவன் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த பையன்களை இப்போது ‘நிறுவனர்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கஜகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து பெரிய கார்களில் வந்து இறங்குகிறவர்கள் அவர்கள் பேச்சை உட்கார்ந்து கேட்கிறார்கள், சில பேருக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கூட்டத்தில், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாயான, கையில் எப்போதும் ஆட்டு வாடை அடிக்கும் என் கனிஷாயும் ஒருத்தி.

அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போது இருபத்து மூன்று வயது. பிஷ்கெக்கில் ஐந்து வருஷம் படித்தவள். அவள் புருஷன், என் கொழுந்தன், மாஸ்கோவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பான். இவள் பழைய நீவா கார் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வைத்தியம் பார்த்தாள். எடுத்த காரியத்தை விடுகிற ஜாதி இல்லை. ஒரு பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, பனியில் ஆறு மணி நேரம் மண்டியிட்டுக் கன்றை உயிரோடு எடுத்தாள். மறுநாள் விரல் மடங்கவில்லை. “விரல் ரெண்டு நாள்ல சரியாயிடும்க்கா, கன்னு வருமா?” என்றாள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது துள்ளுமாரி என்கிற ஆட்டு நோய். மே மாதத்துப் புதுப்புல்லைத் தின்ற ஆடு, காலையில் நன்றாக இருக்கும், மத்தியானம் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் பஜாருக்கு வருகிற மருந்து, வெயிலில் கார் டிக்கியில் வெந்துதான் வரும். அப்படியொரு மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று. கனிஷாயின் யோசனை எளிமையானது. மேய்ச்சல் மலைக்கு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு வீடும் தன் ஆட்டுக் கணக்கைப் போனில் பதிந்துவிட வேண்டும். அந்தக் கணக்குக்குத் தகுந்த மருந்து, பிஷ்கெக்கிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் நேராக வீட்டு வாசலுக்கு வரும். பெக்தூர் என்று ஒரு கணினிக்காரன், அவளுக்குத் தம்பி முறை, பிஷ்கெக்கில் உட்கார்ந்தபடியே அதற்கொரு செயலி செய்துகொடுத்தான். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்காக நாரினில் நடந்த போட்டியில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருஷச் செலவுக்குப் பணம் வந்தது. இரண்டாம் வருஷ முடிவில் இது வேலை செய்கிறது என்று நிரூபித்தால்தான் மேற்கொண்டு பணம், இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

செயலியில் மூன்று கட்டங்கள். பெயர், ஊர், ஆடு எத்தனை.

அந்த மூன்றாவது கட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. எங்களிடம் போய் ஆடு எத்தனை என்று கேட்கலாமா? “ஏதோ இருக்கு” என்போம். ரொம்ப நெருக்கினால் பாதியைச் சொல்வோம். எண்ணிச் சொன்னால் கண் படும். போதாததற்கு மேய்ச்சல் குழுவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு. குதிரை விஷயம் நேர் எதிர், மூன்று வைத்திருப்பவன் ஐந்து என்பான். இதெல்லாம் கனிஷாய்க்குத் தெரியாதா? எங்கள் மண்ணிலேயே பிறந்தவள்தான். ஆனால் ஐந்து வருஷம் நகரத்தில் படித்ததில், கட்டத்தில் எழுதியதெல்லாம் உண்மை என்று நம்பும் வியாதி அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் முப்பது என்று போட்டேன். உண்மையில் எத்தனை என்று உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

முப்பது ஆட்டுக்கான மருந்து வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“முப்பதுக்குத்தான் வந்திருக்கு.”

“நீங்கதானே முப்பதுன்னு போடச் சொன்னீங்க.”

“இப்பப் போயிக் கூடக் கேட்டா, மிச்ச ஆடு எங்கேருந்து மொளச்சுதுன்னு கேப்பா. விடு, பாதிப் பாதியா போடுவோம்.”

பாதிப் பாதியாகப் போட்டோம். எல்லா ஆட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேர்ந்ததில் மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. மலையில் பக்கத்துக் கூடாரத்திலும் அதே கதைதான், அதற்கடுத்த கூடாரத்திலும் அதேதான். பாதி ஊசி ஒரு நோயையும் தடுக்காது என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது. எங்களுக்குப் பதினோரு ஆடு போயிற்று. பள்ளத்தாக்கு முழுக்க இருநூற்றுக்கும் மேல்.

கனிஷாயின் நீவா மலைக்கு வந்தபோது, ஊலுக்மான் என்கிற மேய்ப்பர் வண்டிக்கு முன்னால் குதிரையைக் குறுக்கே நிறுத்தினார். பெரிய மந்தைக்காரர், அதைவிடப் பெரிய குரல்.

“மருந்து குடுத்தியா, தண்ணி குடுத்தியா?”

“மருந்துதான் அண்ணே. குடுத்த அளவ முழுசா போட்டீங்களா?”

“பாத்தீங்களா, இப்ப நம்ம மேலயே திருப்புறா. போன்ல வைத்தியம் பாக்குறேன்னு வந்து, ஆட்டையெல்லாம் கொன்னுட்டா.”

நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். சும்மா நிற்கவில்லை. “எங்க வீட்டு ஆளுன்னு நம்பித்தானே வாங்கினோம்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கனிஷாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன்னிடம் மீதமிருந்த குப்பிகளைப் பிஷ்கெக் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்து, மருந்தில் குறையில்லை என்று சீட்டு வாங்கி வந்தாள். அந்தச் சீட்டை யாரும் படிக்கவில்லை. எனக்குப் படிக்காமலே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அந்தக் குளிர்காலம் முழுக்க.

மாஸ்கோவிலிருந்து கொழுந்தன் போனில் கெஞ்சினான். “விட்டுட்டு இங்க வந்துரு. ரெண்டு பேரும் சம்பாதிச்சா வீடு கட்டிரலாம்.” ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், “நான் தப்பா ஏதோ பண்ணிருக்கேன். என்னன்னு தெரியாம வர மாட்டேன்” என்றாள். ஊரில் யாரும் அவளைத் தேநீருக்குக்கூட அழைப்பதில்லை. அவளோ மாட்டுக்குக் காய்ச்சல் என்று எவன் ஆள் அனுப்பினாலும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

மே மாதம் பிறந்தது. மலைக்கு ஏற இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது, எங்கள் முற்றத்தில் சாமான் கட்டத் தொடங்கியிருந்தோம். பாலாடை கடையும் இயந்திரத்தை இரவல் கேட்டு கனிஷாய் வந்தாள். மலையில் ஆடுகள் நக்குவதற்கான கொச்கோர் ஊர் உப்பை என் வீட்டுக்காரர் மூட்டை மூட்டையாக லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏன்க்கா, முப்பது ஆட்டுக்கு மூணு மூட்டை உப்பா?”

“குதிரைக்கும் சேத்துத்தான்” என்றேன். என் காது சுட்டது.

ஐம்பது கிலோ மூட்டை ஒன்று இருபத்தைந்து ஆட்டுக்கு ஒரு கோடை முழுக்க வரும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கடைசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இயந்திரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் அவளை உப்புக் கடையில்தான் பார்க்க முடிந்தது. கடைக்காரருக்கு மூட்டை தூக்கிவிடுகிறேன் என்று போய் நின்றுகொண்டாள். காலை ஏழு மணியிலிருந்து கடை மூடும்வரை, இரண்டு வாரம். ஆட்டுக் கணக்கை மறைக்கிறவர்கள் உப்புக் கணக்கை மறைப்பதில்லை, அதை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. ஊலுக்மான் வந்து, “பன்னெண்டு மூட்டை போடு, நல்லதா பாத்துப் போடு” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாராம். அவருக்கு மூட்டை தூக்கிவிட்டவளே கனிஷாய்தான்.

அவர் உப்பு வாங்கிப்போன அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நின்றபடி பெக்தூருக்குப் போன் போட்டாள்.

“அந்த மூணாவது கட்டத்த எடுத்துரு.”

“எந்தக் கட்டத்த? ஆடு எத்தனைங்கிறதையா? அதை எடுத்துட்டா அப்புறம் என்னக்கா செயலி அது? வெறும் போன் புத்தகம்.”

“இருந்துட்டுப் போகட்டும். உப்பு எத்தனை மூட்டைன்னு கேளு.”

“பிஷ்கெக்ல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். ஆடு சாகக்கூடாது.”

ஜூன் பிறப்பதற்குள் பனிக்கட்டிப் பெட்டிகளைக் குதிரைமேல் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை குப்பியை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஊசி போடுகிறவள் அவளேதான். ஊலுக்மான் மறுபடியும் வழியில் நின்றார்.

“எங்க கணக்க உனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல, எழுதவும் மாட்டேன். ஆட்ட ஒண்ணொண்ணா விடுங்க, போட்டுட்டே இருக்கேன். மிஞ்சினது பெட்டிக்குள்ள போயிரும்.”

“போன வருஷத் தண்ணிதானே இதுவும்?”

“துள்ளுமாரில ஒரு ஆடு போனாலும் இலையுதிர் காலத்துல காசு வாங்க வர மாட்டேன். போதுமா?”

அவர் குதிரையைத் திருப்பினார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். அவர் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள். அவள் பதினேழு நாள் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. அந்தக் கோடையில் எங்கள் மேய்ச்சல் மலையில் இரண்டே ஆடுகள் செத்தன. ஒன்றை ஓநாய் கொண்டுபோயிற்று, இன்னொன்று பாறையிலிருந்து விழுந்தது.

அக்டோபரில் பிஷ்கெக்கில் தீர்ப்பு நாள். ஒவ்வொருவரும் ஒரு வாடிக்கையாளரை அழைத்துவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் ஒருவரும் நகரவில்லை, அங்கே போனால் கணக்குக் கேட்பார்கள் என்று பயம். கடைசியில் நான் கிளம்பினேன். பஜாரில் திரைச்சீலை வாங்கலாம் என்று அவளிடம் சாக்குச் சொன்னேன்.

கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய மண்டபம். இருநூறு பேர் இருப்பார்கள், எல்லாம் என் மகன் வயது. ஒருத்தன் மொழிபெயர்க்கும் செயலி, ஒருத்தி தையல் கூடங்களுக்கு ரஷ்யாவிலிருந்து வேலை பிடித்துத் தரும் செயலி, எல்லோரும் கண்ணில் தீ வைத்துக்கொண்டு பேசினார்கள். கனிஷாய் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அல்மாட்டி முதலீட்டாளர் ஜான்டோஸ் என்பவர்தான் கேள்வி கேட்டார்.

“உங்க வாடிக்கையாளர்கள்கிட்ட மொத்தம் எத்தனை ஆடு இருக்கு?”

“தெரியாது. நான் கேக்கறதில்ல. உப்பு எத்தனை மூட்டைன்னு சொல்றேன்.”

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போன மருந்து எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று காட்டினாள். எங்கும் பற்றாக்குறை இல்லை. ஜான்டோஸ் காகிதத்தைப் புரட்டினார்.

“போன வருஷம் இருநூறு ஆடு செத்திருக்கு. உங்க மருந்து தப்புன்னு ஊரே சொல்லியிருக்கு. இந்த வருஷம் நல்லா நடந்தது அதிர்ஷ்டமா இருக்கலாமே? நான் எத நம்பிப் பணம் போடுறது?”

“மருந்துல தப்பில்ல. நான் கேட்ட விதம்தான் தப்பு.”

“அப்படின்னா மருந்து ஏன் வேலை செய்யல?”

கனிஷாய் வாயை மூடிக்கொண்டாள். பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால், எங்கள் பள்ளத்தாக்கே பொய் சொன்னது என்று இருநூறு பேர் முன்னால் சொன்னதாகும். இரண்டு வருஷ உழைப்பு அந்த மேடையில் போய்க்கொண்டிருந்தது, அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. அவளை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

எழுந்து நின்றேன்.

“ஐயா, நான் இவளோட ஓரகத்தி. பேரு சோனுன். மருந்து வேலை செய்யாம போனதுக்குக் காரணம் நாங்கதான். முப்பதுன்னு பதிஞ்சது நான். முப்பதுக்கு வந்த மருந்தப் பாதிப் பாதியா எல்லா ஆட்டுக்கும் போட்டதும் நான். இவ ஏச்சு வாங்கினப்போ உண்மையச் சொல்லாம கூட்டத்தோட நின்னதும் நான். என்கிட்ட முப்பது ஆடு இல்ல. அறுபத்தெட்டு.”

என் வீட்டுக்காரரைத் தவிர ஒரு ஆளிடம்கூட நான் எண்ணைச் சொன்னதில்லை. ஜான்டோஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்க அப்பா ஆட்டுக் கணக்க சாகுற வரைக்கும் எனக்கே சொல்லல” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். பணம் கிடைத்தது. வருகிற வசந்தத்தில் இன்னும் இரண்டு மாவட்டம், அதற்கு நான்கு மருத்துவர்கள். மண்டபத்துக்கு வெளியே ஒரு கடையில் தேநீர் குடித்தோம். கனிஷாய் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா.”

“சொல்லு.”

“ஜூன்ல உங்க ஆட்டுக்கு என் கையாலதான் ஊசி போட்டேன். எழுபத்திரண்டு.”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“இருநூறு பேர் இருக்கிற எடத்துல முழுசா சொல்வாங்களாடி?” என்றேன்.