அத்தையின் பிளசர்

மோகனூர் ஆற்றோரச் சாலையில் அத்தை தன் கருப்புக் காரை ஓட்டி வந்தால், கரும்பு வண்டிக்காரர்கள் மாட்டை ஓரங்கட்டிவிடுவார்கள். மரியாதையில் அல்ல, பயத்தில். என் அப்பாவின் அக்காவான அவர், மாமா இறந்த பிறகு அந்தக் காரைத் தானே ஓட்டப் பழகி, சர்க்கரை ஆலைக்கும் தோட்டத்துக்கும் அதிலேயே போய்வந்தார். அந்தக் காலத்துக் கார். எங்கள் பக்கம் பிளசர் என்போம். பிள்ளை இல்லாத அத்தைக்கு அதுதான் பிள்ளை என்று ஊரார் சொல்வதை நான் நம்பியதில்லை. பெற்ற பிள்ளையை யாரும் அத்தனை திட்டமாட்டார்கள்.

வயதாகிக் கை நடுங்கத் தொடங்கியதும் அவருக்கு ஒரே கவலை. தனக்குப் பிறகு அதை எந்த இளவட்டம் ஓட்டும்? விசேஷத்துக்கு வரும் பிள்ளைகளையெல்லாம் கோழிக்குழம்பு ஊற்றி வளைத்துப் பார்த்தார். அவர்கள் காரில் சாய்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஏசி இல்லை, ஸ்டீயரிங் கல்லாக இருக்கிறது என்று ஆளுக்கொரு சாக்கு. "படம் புடிச்சது போதுஞ்சாமி, ஒரு நட ஓட்டிப் பாரு" என்று அத்தை கெஞ்சுவார். யாரிடமும் கெஞ்சாத மனுஷி.

போன வருடம் என் மகன் தானாகவே போய்க் கேட்டான். அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவான். நான் வைத்துக்கொள்கிறேன் என்றதும் அத்தை அவன் தலையில் கைவைத்துச் சாவியைக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நிக்க உட்றாத சாமி" என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

ஆயுத பூஜையன்று, புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் மகன் புதிதாகத் தொடங்கிய உணவகத்துக்கு அத்தையை அழைத்துப் போனேன். வாசலில் பிளசர் பளபளவென்று நின்றது. இளசுகள் கூட்டமாக நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கடை ஆட்கள் சூடம் காட்டி, சக்கரங்களின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"ஏறி எடு சாமி, பழம் நசுங்கட்டும்" என்றார் அத்தை.

மகன் தரையைப் பார்த்தான். "இஞ்சினக் கழட்டிட்டமுங்க அப்பத்தா. வண்டிக்குள்ள உக்காந்து சாப்பிட டேபிள் போட்டிருக்குது. இப்பத்தான் பசங்க ஆசையா வாராங்க."

எனக்கே அப்போதுதான் தெரியும். அத்தை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். கதவின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குச் சாமி பழம்? எடுத்துரு" என்றார்.

அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தான்.