நல்லக்கண்ணுவின் இடுப்பும் சொக்கம்மாளின் இரண்டாவது படமும்

தென்காசியில் தாசில்தார் முதல் பஸ் முதலாளி வரை எல்லோரும் ஒருத்தி சொன்னால்தான் மூச்சு விட்டார்கள். அவள் பெயர் சொக்கம்மாள். ரதவீதியில் டாக்டர் ராமசேஷனின் எக்ஸ்ரே அறை அவளுடையது. கட்டடம் டாக்டருடையது, மெஷின் டாக்டருடையது, பெயர்ப்பலகையும் டாக்டருடையதுதான். ஆனாலும் அறை அவளுடையது. "மூச்சை இழுங்க. பிடிங்க" என்பாள். பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை "விடுங்க" என்று சொல்ல அவளுக்கு அரை நிமிஷம் தாமதமாகிவிட்டது. உள்ளே நின்ற கவுன்சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தான் மறந்துபோனதாக அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மதுரையில் ஒரு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவள். வயது நாற்பது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்க வந்தவர்களையும் அதே குரலில்தான் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். அவர்கள் மறுபடி கேட்கவில்லை.

முதுகு, இடுப்பு என்றால் மெஷினுக்கு கரண்ட் அதிகம் வேண்டும். பக்கத்தில் ஒலி முகம்மதுவின் ரைஸ் மில் ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் சொக்கம்மாள் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்குவாள், மில் நிற்கும். கையை இறக்குவாள், ஓடும். நெல் கொண்டுவந்தவர்கள் சிலர், மில் அந்த அம்மாவுடையது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு வருஷத்தில் ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் அவள் இரண்டாவது படம் எடுத்தது கிடையாது. முதல் படமே சரியாக விழும். இது ஊரறிந்த பெருமை. ஊர் அறியாமல் போய்விடுமோ என்று அவளும் அவ்வப்போது சொல்லிவைப்பாள்.

1979 ஆனி மாதம், சாரல் கட்டி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, கான்ஸ்டபிள் நல்லக்கண்ணு வந்தான். கீழப்பாவூர்க்காரன், வயது இருபத்தாறு. குற்றாலத்துப் பக்கம் பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஸ்டேஷனில் வேலை. கூடவே அம்மா வள்ளித்தாய். மூன்று வாரத்துக்கு முன்பு அவனுக்கு இடுப்பில் படம் எடுத்தாகிவிட்டது. 'குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை' என்று டாக்டர் எழுதியும் கொடுத்தாகிவிட்டது.

"அக்கா, அந்தப் படத்தைக் கொஞ்சம் தாங்க. திங்கக்கிழமை பாளையங்கோட்டையில மெடிக்கல் போர்டு. என்னைய அங்கன அனுப்புதாவ."

"எதுக்குலே?"

"நான் நடிக்கேனாம். நடிப்புன்னு போர்டும் சொல்லிட்டா வேலை போயிரும்."

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். இன்ஸ்பெக்டர் போர்டுக்கு எழுதிய அறிக்கையின் நகல். சொக்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'மேற்படி காவலர் காலை ஆறு மணி அணிவகுப்பில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட இயலாதவர்போல் பாவனை செய்கிறார். ஒன்பது மணிக்குமேல் படிப்படியாகப் பாவனையைக் கைவிடுகிறார். நண்பகலில், பேரருவியில் பெண்கள் பகுதிக்குள் புகுந்த ஒருவனை வெகுதூரம் துரத்திப் பிடித்துள்ளார். பிற்பகல் இரண்டு மணி நேரம் ஓய்வு அளித்துப் பார்த்ததில், எழுந்தவுடன் பாவனை மீண்டும் தொடங்கியது. ஓய்வு கொடுக்கக் கொடுக்க மோசமாகும் சோம்பேறித்தனம் இது என்பது எனது தாழ்மையான கருத்து.'

"ஏலே, நிசமாவே காலையிலதான் பிடிக்குதா?"

"விடியக்காலம் கட்டிலைவிட்டு எந்திரிக்க அரை மணி நேரம் ஆவுது அக்கா. மரக்கட்டை கணக்கா கெடப்பேன். நடக்க நடக்கச் சரியாவுது. எனக்கே சந்தேகமா இருக்கு, நான் நடிக்கேனோன்னு."

வள்ளித்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நாப்பத்தோரு நாள் அருவியில கொண்டுபோய் முதுகைக் காட்ட வச்சேன். குளிச்சா அன்னைக்குப் பூராவும் நல்லா இருப்பான். மறுநா காலையில பழைய குருடி கதவைத் தெறடி கதைதான். எம்மவன் பொய்யன் இல்ல தாயி. ஊர்ல எல்லாரும் பொய்யன்னுதான் பேசுதாவ."

சொக்கம்மாள் உறையிலிருந்து படத்தை உருவி விளக்குப் பெட்டியில் மாட்டினாள். முதுகெலும்பின் அடிக்கட்டை இடுப்பெலும்போடு சேருமிடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு உண்டு. நல்லக்கண்ணுவின் படத்தில் அந்த இரண்டு மூட்டின் மேலும் பளீரென்று ஐந்து வெள்ளைத் துண்டுகள் படுத்திருந்தன. அரைஞாண்கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்துகள். மிச்சம் இருந்த இடத்தை வயிற்று வாயு மறைத்திருந்தது. அந்தப் படத்தில் தெரிந்தது நல்லக்கண்ணுவின் பக்தியும் முந்தின நாள் தின்ற புரோட்டாவும்தான்.

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கயிற்றை மேலே ஏற்றிவிட்டாள். அவன் மல்லாக்கப் படுத்ததும் அது இறங்கியிருக்கிறது. இவள் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஆம்பளையிடம் அரைஞாண்கயிற்றைக் கழற்றச் சொல்லும் வழக்கமே இல்லை. எல்லோருக்கும் ஏற்றிவிடுவதுதான் அவள் கைப்பழக்கம். இதுவரை இறங்காத கயிறு இவனுக்கு இறங்கிவிட்டது. இதுவரை என்றால், அவள் பார்த்தவரை.

பேசாமல் உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். பெருமை பன்னிரண்டாம் வருஷத்துக்குள் காலெடுத்து வைத்திருக்கும். அவன் வேலை போயிருக்கும். அவள் படத்தையும் அறிக்கையையும் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

"ஐயா, இந்தப் படம் செல்லாது. தாயத்து மறைச்சிட்டு. என் தப்பு."

ராமசேஷன் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் கேட்டிராத வாக்கியம். அறிக்கையை எடுத்துப் படித்தார். பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

"சொக்கம்மா, இதை எழுதினவன் யாரு? இதைவிட நன்னா எந்த டாக்டரும் கேஸ் எழுத முடியாது. இவன் திட்டறான்னு நினைச்சுண்டு நோயோட லட்சணம் ஒண்ணு விடாம எழுதியிருக்கான். சாதாரண முதுகுவலி ஓய்வெடுத்தா குறையும். இது ஓய்வெடுத்தா கூடும், ஓடினா குறையும். நானும் அன்னிக்கு இவன்கிட்ட எப்போ வலிக்கறதுன்னு கேக்கலை. படத்தைப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டேன். தாயத்தைப் பார்த்து எழுதியிருக்கேன்."

தாயையும் மகனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நம்ம ரத்தத்துல வெள்ளணுன்னு இருக்கு. அதுதான் உடம்புக்குப் போலீஸ். வெளியிலேர்ந்து கிருமி வந்தா அடிச்சுத் துரத்தணும். சில பேருக்கு அது ஆள் தெரியாம சொந்த மூட்டையே போட்டு அடிக்கறது. அடிச்ச இடம் வீங்கிப் போறது, அரிக்கறது, நாளாக ஆக எலும்பா இறுகறது. ஆறு வருஷம் முன்னாடி வெளிநாட்டுல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா. இந்த நோய் உள்ளவாள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேலயே வெள்ளணுல ஒரே மாதிரி ஒரு அடையாளம் இருக்காம். அந்தச் சோதனைக்கு இங்க வழியில்லை. நமக்கு எக்ஸ்ரேதான்."

நல்லக்கண்ணு யோசித்தான். "ஐயா, எனக்குள்ள இருக்குத போலீசுமா ஆள் மாத்திப் பிடிக்குது?"

"ஆமாம்டா. அதுக்கு மேல்முறையீடும் கிடையாது."

வயிற்று வாயு மறுபடி படத்தை மறைக்காமலிருக்க, அன்று சாயங்காலம் நல்லக்கண்ணுவுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு, சற்றே வெளிறிப்போய் வந்து சேர்ந்தான். எக்ஸ்ரே மேஜை தயார். மில்லுக்கு இன்னும் கை தூக்கவில்லை. அதற்குள் வள்ளித்தாய் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கயிறை அறுக்கக் கூடாது. எங்க வீட்டு ஆம்பளைக்குக் கயிறை அறுத்தது ஒரே ஒரு நாளு. அன்னைக்கு அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனாவ."

"ஆச்சி, கயிறு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அதுல கெடக்குத வெள்ளிதான் மறைக்கி."

"அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊரு. சங்கரன்கோயில், பொட்டல்புதூர்னு அலைஞ்சு வாங்கினது. எது காப்பாத்துதுன்னு தெரியாம எதை எடுக்கச் சொல்லுத?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொக்கம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சி, தீவாளிக்குப் புதுக்கயிறு மாத்துவியல்லா. எப்படி மாத்துவிய?"

"புதுசைக் கட்டிட்டுப் பழசைக் கழட்டுவோம். இடுப்பு ஒரு நிமிசம்கூடச் சும்மா இருக்கப்படாது."

"அப்ப இன்னைக்குத் தீவாளி."

கடைவீதியிலிருந்து கறுப்புக்கயிறு ஒன்று வந்தது. நூல் எக்ஸ்ரேயில் விழாது. வள்ளித்தாயே மகன் இடுப்பில் கட்டினாள், மூன்று முடிச்சுப் போட்டாள். பிறகு பழையதைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மகனைச் சாமிகளிடமிருந்து கொஞ்ச நேரம் கடன் வாங்கியவளைப்போல் இருந்தது அவள் முகம்.

சொக்கம்மாள் மெஷினின் குழாயைத் தலைப்பக்கமாகச் சாய்த்தாள். நேராக விட்டால் அந்த மூட்டு ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து தெரியும், சாய்த்தால்தான் விரியும். ஜன்னலில் கையைத் தூக்கினாள். மில் நின்றது. "மூச்சை விடு. பிடி." ஒரு சொடுக்கு. முடிந்தது.

சாரல் காலத்தில் படம் காய்வதில்லை. காயும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையும் இல்லை. இருட்டறையிலிருந்து சொட்டச் சொட்டக் கொண்டுவந்து விளக்கில் பிடித்தாள். இரண்டு மூட்டும் துல்லியமாகத் தெரிந்தன. ஓரங்கள் செல்லரித்த ஏடுபோல் பிய்ந்து பிய்ந்து இருந்தன. அரித்த இடத்தைச் சுற்றி எலும்பு அடர்ந்து வெளுத்திருந்தது. இடது பக்கம் ஓரிடத்தில் மூட்டின் இடைவெளியே தூர்ந்துபோயிருந்தது. டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் சொல்லும்வரை காத்திருந்தாள்.

"இருக்கு" என்றார் ராமசேஷன்.

புது ரிப்போர்ட்டில் அவர் முதல் வரியாகவே, முந்தைய படம் பிழையானது, முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினார். எழுதும்போது, பிழை யாருடையது என்று போடவேண்டுமா என்று கேட்டார். "ரெண்டு பேரு பேரையும் போடுங்க. போர்டுக்காரங்க அப்பத்தான் நம்புவாவ" என்றாள் சொக்கம்மாள். இன்ஸ்பெக்டரின் அறிக்கையையும் ஆதாரமாகச் சேர்த்தார்கள். குற்றப்பத்திரிகையையே சாட்சியாக வைத்து ஒருவனை விடுவித்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல்முறையாக இருக்கக்கூடும்.

திங்கள் மாலை, நல்லக்கண்ணு பாளையங்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ரதவீதிக்கு வந்தான். உள்ளே ஒரு மார்புப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சொக்கம்மாள் அவனை வாசலிலேயே நிற்கச் சொன்னாள். பிறகு உத்தரவை வாங்கிப் படித்தாள். நடிப்பு இல்லை, நோய் உள்ளது, வேலையில் தொடரலாம், காலை அணிவகுப்பு மட்டும் கிடையாது.

"போர்டுல மூணு டாக்டரு அக்கா. மூணு பேரும் படத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தாவ. நோய் இருக்குன்னு சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அப்படிக் கும்பிட்டவன் நான் ஒருத்தன்தானாம்."

"இது தீருத நோய் இல்லலே. டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு. மாத்திரை சாப்பிடணும், தினம் உடம்பை வளைக்கணும், நீச்சல் அடிச்சா நல்லதுன்னாரு. வளைக்காம விட்டா முதுகு கம்பாயிரும்னாரு."

"வளைப்பியா?"

"வேலை இருக்குல்லா. வளைப்பேன்."

மகனோடு பாளையங்கோட்டை போயிருந்த வள்ளித்தாய் வழியிலேயே இறங்கி, அதற்குள் கீழப்பாவூர் போய்ச் சேர்ந்திருந்தாள். கடைத்தெருவில் ஒரு கிலோ பூந்தி வாங்கி, தன் மகனைப் பொய்யன் என்று பேசிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எம்மவனுக்கு நோவு இருக்கு, கெவர்மெண்டே சொல்லிட்டு" என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்ன வீட்டில் இரண்டு கை கொடுத்தாள்.