கூப்பிட்ட மேசைக்குப் போகாதவன்

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தோம். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு ஒரு வீடியோ கமராவோடு கலியாணவீடு, பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீடு என்று படம் எடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியிருந்தேன். கமரா எனக்குப் பிரச்சினையில்லை. மனிதர்கள்தான் பிரச்சினை. பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துவிட்டால் போதும், யாரோடும் கதை வளர்க்கத் தேவையில்லை. இந்தத் தொழிலில் கதைத்தால்தான் பிழைப்பு. எனக்கோ நாலு பேர் கூடி நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"உப்பிடி வீட்டுக்குள்ளயே இருந்தா ஆர் உங்களைத் தேடி வரப்போகினம்?" என்று மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்திருந்தது இரண்டே இரண்டு கலியாணங்கள்.

அந்தச் சமயத்தில், மனைவியோடு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு அக்கா திடீரென்று இறந்துபோனார். நான் அவரோடு பழகியதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, பிளேஸ்டோவில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. காரை விட்டு இறங்கும்போதே மனைவி என் சட்டைப் பையில் கொஞ்ச விசிட்டிங் கார்ட்டுகளைச் செருகினாள்.

"அந்தியேட்டிச் சாப்பாட்டில எப்பிடியப்பா இதைக் குடுக்கிறது?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். சத்தம் போடாமக் குடுங்கோ."

அவள் சொன்னது பொய்யில்லை. இன்சூரன்ஸ்காரர், வீடு விற்பவர் என்று பலர் அங்கே சோற்றுத் தட்டும் கையுமாகத் தொழில் பேசிக்கொண்டுதான் நின்றார்கள். எங்கள் சனம் ஒன்றாகக் கூடுவது கோயிலில், கலியாணத்தில், இல்லாவிட்டால் இப்படி ஒரு இழவில். நானும் வரிசையில் நின்ற மூன்று பேரிடம், திருட்டுச் சாமானைத் தள்ளிவிடுபவன் போல, கார்ட்டை நீட்டிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். இறந்தவரின் கணவர், கிரியை செய்த வேட்டி சால்வையோடு, என்னை நோக்கி வந்தார். கையில் என் கார்ட். ஏசப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, போன வருசம் ஈஸ்ட் ஹாம் ஹோல்ல நடந்த கலியாணத்துக்கு வீடியோ எடுத்தது நீங்களோ?"

"ஓம் அண்ணை."

"நாங்களும் வந்தனாங்கள். பின்னால, கதவடி மேசையில இருந்தனாங்கள். அவ பச்சைச் சீலை. அவவின்ர போட்டோ கனக்க இருக்கு. குரல்தான் ஒண்டும் இல்லை. தாய்க்குக் கசெற்றில பேசிப் பேசி ஊருக்கு அனுப்பினவ. சண்டையில ஷெல் விழுந்து அந்த வீட்டோட கசெற்றுகளும் போச்சு. உங்கட வீடியோவில அவ கதைச்சது ஏதும் இருக்குமோ?"

"கட்டாயம் இருக்கும் அண்ணை. எடுத்துத் தாறன்" என்றேன். ஏச்சு விழவில்லையே என்ற நிம்மதி. அதைவிட, ஒரு ஆளாவது என்னைத் தேடி வந்துவிட்டாரே என்ற சந்தோசம். அந்த இடத்தில் நான் சந்தோசப்பட்டேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

எங்கள் கலியாண வீடியோக்களில் தாலி கட்டுக்கு அடுத்தபடியாக முக்கியம் சாப்பாட்டு மேசைகள். லைட்டைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், வந்தவர்களைச் சிரிக்கவைத்து, இரண்டு வார்த்தை பேசவைக்க வேண்டும். ஊரிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான். எனக்கோ அந்த வேலை வேப்பங்காய். முன்வரிசையில் நாலைந்து மேசை எடுத்ததும், போதும் என்று கமராவை இறக்கிவிடுவேன். யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

அடுத்த நாள் காலையிலிருந்து, அந்தக் கலியாணத்துக்கு எடுத்த கசெற்றுகளை வெட்டாமல் கொத்தாமல் முழுதாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது மேசை முடிகிறது. தூரத்தில் யாரோ கையை உயர்த்துவது தெரிகிறது, பச்சைச் சேலை. "தம்பி, இஞ்சாலயும் ஒருக்கா வாங்கோவன்" என்று ஒரு குரல், கூடவே ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். கமரா திரும்பி மண்டபத்தின் தரையைக் காட்டுகிறது. பிறகு இருட்டு.

கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும்தான் திரும்பியிருக்கிறேன்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனம் கேட்கவில்லை. அந்த இடத்தை மட்டும் ஒரு கசெற்றில் பதிந்துகொண்டு பிளேஸ்டோவில் அவருடைய வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முகம் தெளிவாகத் தெரியவில்லை, ஆனாலும் "அவதான். அவதான்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"ஏன் தம்பி போகேல்லை?"

"எனக்குச் சனத்தோட கதைக்கிறதெண்டாக் கூச்சம் அண்ணை."

அவர் தலையாட்டினார். "அவவுக்கும் அப்பிடித்தான். ஆரையும் வாய் திறந்து கூப்பிடமாட்டா. அண்டைக்குத்தான் என்னவோ கூப்பிட்டவ."

அதற்கு மேல் அங்கே இருக்க என்னால் ஏலவில்லை. வாசலில் அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் எடுத்த கலியாணங்களில் ஒரு மேசையையும் விட்டதில்லை. அதனாலேயே ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள், தொழிலும் நிலைத்தது. கூச்சம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஒரு மேசைக்குப் போகுமுன் என்ன கதைப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். ஆனாலும் போய்விடுவேன். என்னைப் போலவே கூச்சப்பட்ட ஒருத்தி, ஒரே ஒரு நாள் துணிந்து கூப்பிட்டபோது நான் போயிருந்தால், அந்த மனிதருக்கு மனைவி சிரித்துப் பேசும் முகமும் இரண்டு வார்த்தையும் கூடுதலாக மிஞ்சியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.