அத்தானின் நிமிராத கை

எங்கள் ஆட்கள் கல்வெட்டில் பொய்தான் எழுதுவார்கள். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அதிலே பண்பாளன். ஒருவருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்காதவன் கொடை வள்ளல்.

என் அத்தானின் கல்வெட்டை எழுதும் வேலையை அக்கா என்னிடம் தந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் அக்காவுக்கு இரத்த உறவு என்று இருப்பவன் நான் ஒருவன்தான். எனக்கும் அவள் மட்டும்தான்.

"வேலை, கோயில், குணம் எல்லாம் எழுது. உந்த விளையாட்டைப் பற்றி மட்டும் ஒண்டும் எழுதாதை," என்றாள்.

"ஏனக்கா?"

"ஏனெண்டு உனக்குத் தெரியாதே? செத்த பிறகும் சனம் சிரிக்க வேணுமே?"

எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததைவிடக் கூடத் தெரியும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மல்வேர்னில் அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். அப்போது கோடை வந்தால் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் கிரிக்கெட் ஆடுவார்கள். அத்தான் தன் பள்ளிக்கூடத்துக்காகப் பந்து போட்டார். நான் என் பள்ளிக்கூடத்துக்காக மட்டை பிடித்தேன். அவருடைய வேகத்துக்கு முன்னால் எங்களில் ஒருவரும் நின்றதில்லை.

அவருடைய வலது முழங்கை சின்ன வயதில் உடைந்து, பிழையாகப் பொருந்திவிட்டது. முழுதாக நிமிராது. சட்டைக் கைக்குள் கையை விட அவர் படும் பாட்டை நான் தினமும் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்பை எட்டி எடுக்க முழு உடம்பையும் சாய்ப்பார். கிரிக்கெட்டில் மடங்கிய கையை நிமிர்த்திப் பந்தை விட்டால் அது எறி, கள்ளம். ஆனால் அத்தானின் கை நிமிரவே நிமிராது. நிமிராத கையால் எப்படி எறிவது? தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு எறிவதுபோலத் தெரியும். எனக்கு அப்படித் தெரிய நியாயமில்லை. நான் அந்த வீட்டில் சாப்பிட்டவன்.

ஒரு இறுதி ஆட்டத்தில் அவருடைய பக்கமும் எங்களுடைய பக்கமும் மோதின. எங்கள் ஆட்டங்களில் தனியாக அம்பயர் கிடையாது. மட்டை பிடிக்கிற பக்கத்திலிருந்து இரண்டு பேர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும். நான் வந்த வேகத்திலேயே ஆட்டமிழந்து வெளியே இருந்தேன். எங்கள் கப்டன் கோட்டை என் மடியில் போட்டான்.

"அங்காலைப் பக்கத்திலை போய் நில். உன்ரை அத்தானாற்றை கையைப் பார்."

"அவற்றை கை அப்பிடித்தான் மச்சான். உடைஞ்ச கை."

"உடைஞ்சதோ முறிஞ்சதோ, மடங்கித்தானே இருக்கு? நீ அவற்றை வீட்டுச் சோத்துக்குப் பயப்பிடுறாய்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

அத்தான் ஓடி வந்து பந்தை விட்டார். நான் கையை நீட்டி "நோ போல்" என்றேன். அவர் காலைப் பார்த்தார். கால் தரையில் கீறிய கோட்டைத் தாண்டவில்லை. என்னைப் பார்த்தார். நான் என் முழங்கையைத் தட்டிக் காட்டினேன். மறுபடி போட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது கரையில் இருந்த கூட்டம் "எறிகாரன், எறிகாரன்" என்று கத்தத் தொடங்கியது. அவர் பந்தைத் தன் கப்டனிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். நாங்கள் வென்றோம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவர் எனக்கு முதல் வந்து சோறு வைத்திருந்தார். "சாப்பிடன் மச்சான், களைச்சுப் போனாய்," என்றார். அக்கா மிசிசாகாவில் விமான நிலைய வேலை முடிந்து வந்து யார் வென்றது என்று கேட்டாள். "உன்ரை தம்பியாக்கள்தான்," என்றார் அவர். அவ்வளவுதான். வென்ற பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தந்த சின்னக் கப்பில் எனக்கு வந்ததை அக்கா ரீவிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கல்யாணம் கட்டி வெளியே போன பிறகும் அது அங்கேயே இருந்தது. அத்தான்தான் அதைத் தூசு தட்டுவார்.

கதை அடுத்த கிழமையே தமிழ்க் கடையில் அக்காவின் காதுக்கு வந்தது. உங்கட அவர் எறிஞ்சு பிடிபட்டவராம். ஆர் பிடித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்பயரை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்? அவள் வந்து என் முன்னாலேயே அவரைக் கேட்டாள்.

"உண்மையே?"

"அம்பயர் சொன்னால் சரிதானே," என்றார் அத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"கள்ள விளையாட்டு விளையாடி மானத்தை வாங்கிப்போட்டியள்," என்றாள் அவள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் அவர் பேஸ்போல் ஆடப் போனார். அங்கே பந்தை எறிவதுதான் வேலை. கை மடங்கி இருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. லொறிக்காரர்களும் பஸ்காரர்களும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைக் குழு. பன்னிரண்டு கோடை அவர் அதில் பந்து எறிகிற பிட்ச்சராக நின்றார். எங்கள் ஆட்கள் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. "கிரிக்கெட்டிலை எறிஞ்சவர் இப்ப எறியிறதுக்கெண்டே போட்டார்," என்று பகிடி விட்டார்கள். அக்காவும் போகவில்லை. நான் வேலைக்குப் போகிற பஸ் அந்தப் பூங்காவுக்கு முன்னால் நிற்கும். பிட்ச்சர் ஏறி நிற்கிற மண்மேட்டில் அத்தான் நிற்பது கண்ணாடியால் தெரியும். ஒரு நாளும் இறங்கவில்லை.

அவர் செத்தபோது இறுதிப் பார்வைக்கு ஒரு கயானாக்காரக் கிழவர் வந்தார். பழைய பஸ் சாரதி. அத்தானின் பந்துகளைப் பிடித்த கேட்ச்சர். அழுக்குப் பிடித்த ஒரு பந்தை எடுத்து அத்தானின் கைக்குள் வைக்கப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் போய் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் வழக்கத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் இருந்தார்.

கல்வெட்டு எழுத உட்கார்ந்தபோது அந்தக் கிழவரின் முகம்தான் நினைவில் வந்தது. அஜின்கோர்ட்டில் இருக்கும் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

கிழவர் ஆட்டக் கணக்கு எழுதிய புள்ளிப் புத்தகங்களை, கோடைக்கு ஒன்றாகப் பன்னிரண்டை, மேசையில் போட்டார். பேஸ்போலில் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் பிட்ச்சரின் பெயரில்தான் எழுதுவார்கள். அத்தானின் பெயருக்கு நேரே வெற்றியைவிடத் தோல்விதான் கூட. பருவ முடிவு விருந்தில் அவருக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லையாம். மற்ற பிட்ச்சர்கள் மட்டைக்காரனைப் பந்து மட்டையில் படாமலே வெளியேற்றினார்கள், கைதட்டு வாங்கினார்கள். அத்தானின் பந்து கடைசி நேரத்தில் கீழே விழும். அந்தக் கோணல் முழங்கையால் வந்த விழுகை அது, வேறு எவனுக்கும் வராது என்றார். அடித்தால் பந்து தரையில்தான் உருளும். உருண்டு வருவதைப் பொறுக்கி, அடித்தவன் ஓடிச் சேருகிற இடத்துக்கு அவனுக்கு முந்தி எறிந்தால் ஆள் வெளியே.

"நாங்கள் பொறுக்கவில்லை," என்றார் கிழவர். "கிழடுகள், வயிறு வைத்தவர்கள். பந்து காலுக்கு இடையால் போகும். தோல்வி அவன் பெயரில் எழுதப்படும். இந்தப் புத்தகத்தில் இருக்கிற தோல்விகளில் பாதிக்கு மேல் எங்களுடையவை. ஒருநாள்கூட அவன் எங்களைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நான் பந்து பிடித்தவர்களிலேயே நல்ல பிட்ச்சர் அவன்தான். இதை அவன் இருக்கும்போது மேடையில் ஏறிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

பிறகு கேட்டார்: "நானும் கிரிக்கெட் ஆடினவன்தான். அந்தக் கை எறிகிற கை இல்லை. கிரிக்கெட்டை ஏன் விட்டாய் என்று கேட்டால் முழங்கை வலி என்பான். இன்னொருத்தன்தான் எனக்கு உண்மையைச் சொன்னான். அவனை நிறுத்தின அந்தக் குருட்டு அம்பயர் யார்?"

"நான்தான்," என்றேன்.

கிழவர் புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினார். உள்ளே போய் அந்தப் பந்தை எடுத்து வந்தார். "இதை அவன் மனைவியிடம் கொடு. உனக்கு இல்லை," என்றார். கதவைத் திறந்து பிடித்தார்.

கல்வெட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். முழங்கையை, அந்த மூன்று நோ போலை, கோட்டைப் போட்டு நின்றவன் நான் என்பதை, பன்னிரண்டு கோடையை, யாருடைய பிழைகள் அவர் கணக்கில் ஏறின என்பதை. அச்சுக்குப் போகுமுன் அக்காவின் குசினி மேசையில் தாளையும் பந்தையும் வைத்தேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"நீயே?"

"ஓம்."

"அந்தாள் எனக்குச் சொல்லேல்லையே."

"ஓம் அக்கா."

"நான் அந்தாளைக் கள்ளன் எண்டு பேசினனான். நீ பக்கத்திலை இருந்து சாப்பிட்டனீ."

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"பன்ரண்டு வருசம். ஒருக்கா, ஒரே ஒருக்காப் போய்ப் பாத்திருப்பனடா." பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய் ரீவிக்குப் பக்கத்தில் இருந்த கப்பைக் கடைப் பையில் போட்டு என் காலடியில் வைத்தாள். "கொண்டு போ. தாளை விட்டிட்டுப் போ. அச்சுக்கு நான் குடுக்கிறன்."

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் அத்தானின் படத்துக்கு முன்னால், பூவுக்கு நடுவில், அந்தப் பந்து இருந்தது. கயானாக் கிழவரை அக்கா முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தாள். நான் வாசலடியில் நின்று கல்வெட்டைப் புரட்டினேன். வாழ்க்கை வரலாற்றில் நான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட அவள் வெட்டவில்லை. என் குற்றம் முழுதாக இருந்தது.

எங்கள் பழைய கப்டன் கையில் புத்தகத்தோடு வந்தான். இப்போது தலையெல்லாம் நரை.

"உனக்கென்ன விசரே? பழங்கதை எல்லாம் அச்சடிச்சு. அண்டைக்கு வெண்ட கப் இப்பவும் எங்கடை பேரிலைதான் கிடக்கு, தெரியுமே?"

அவன் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினான். அதில்தான் உறவுகளை வரிசையாகப் போடுவது. அன்புக் கணவர், பாசமிகு சகோதரர், பெரியப்பா, சித்தப்பா. கடைசியில் மைத்துனர் என்று என் பெயரை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவன் விரலால் வரி வரியாகத் தேடினான். "என்னடா, உன்ரை பேரைக் காணேல்லை. அச்சடிச்சவன் விட்டிட்டான் போலை."

"இல்லை," என்றேன். "சரியாத்தான் அடிச்சிருக்கு."