ஆன்சைட்டில் ஒரு கணவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் நான் தனியாகக் குடியிருந்தபோது நடந்தது இது. வரலட்சுமி பூஜை வந்த வாரம். அந்த ஊர்த் தூறலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, மழை இல்லை என்று துணி காயப்போடவும் முடியாது. நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே எல்லாம் கொஞ்சம் கலங்கலாகவே தெரியும். அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது, பாதித் தூக்கத்தில் பார்த்த மாதிரி.

தனியாக என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கணவர் இருந்தார், அமெரிக்காவில், கம்பெனி அனுப்பிய ஆன்சைட் வேலையில். கீழ் வீட்டில் இருந்த ஓனர் ஆன்ட்டிக்கும், குடியாத்தத்தில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்கும், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கும் அப்படித்தான் தெரியும்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் உண்மையிலேயே எட்டு மாதம் ஆன்சைட் போனார். திரும்பியும் வந்தார். ஆனால் என்னிடம் வரவில்லை. புனேயில் வேலை வாங்கிக்கொண்டு நேராக அங்கே போய்விட்டார். போனில் பத்து நிமிஷம் பேசினார். நமக்கு ஒத்துவரவில்லை, அது உனக்கும் தெரியும், இனிமேலும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றார். அவர் கத்தவில்லை, நானும் அழவில்லை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, போய் அணைத்தேன். அவருக்கு அப்பா அம்மா கிடையாது, அதனால் எங்கள் வீட்டுக்குச் செய்தி போக வேறு வழியும் இல்லை. நான் செய்ததெல்லாம், அவர் திரும்பி வந்த விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் விட்டதுதான்.

அதன் பிறகு பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீடு தேடினேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி, "ஃபேமிலிதானே?" தனியாக இருக்கும் பெண் என்றால் கேட்டைத் திறந்த கை அப்படியே நின்றுவிடும். மல்லேஸ்வரத்து ஆன்ட்டியும் கேட்டார். ஆமாம் ஆன்ட்டி, அவர் ஆன்சைட்டில் இருக்கிறார் என்றேன். ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சினேன்.

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. வளர்க்க ஆரம்பித்தால் அதற்குத் தினமும் சோறு போட வேண்டும். அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் விசா என்பேன். பெங்களூரில் விசா என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, அவரவர் வீட்டிலும் ஒரு விசாக் கதை இருக்கும். என்ன சாப்பிடுகிறார் என்று ஆன்ட்டி கவலைப்படுவார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பேன். என் பிறந்தநாளுக்கு நானே சம்பிகே ரோட்டில் ஒரு புடவை எடுத்து, அவர் பணம் அனுப்பி வாங்கச் சொன்னது என்று காட்டினேன். அன்று மாலை அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, அவர்தான் வாங்கித் தந்தார் என்று எனக்கே தோன்றியது.

காலையில் எழுந்ததும் போனில் அவர் ஆன்சைட் போயிருந்த ஊரின் வானிலையைப் பார்ப்பேன். அங்கே பனி பெய்கிறது என்றால் எனக்கு இங்கே தோள் சில்லிட்டுப் போகும். அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார், கையுறையை மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே காபி குடிப்பேன். நான் உண்டாக்கிய கணவர் நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டே போனார். சாப்பிட்டாயா என்று கேட்பார், ஆபீஸில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். நிஜமானவரோடு நான்கு வருடத்தில் பேசியதைவிட, இவரோடு நான் அதிகம் பேசியிருப்பேன். எனக்கு வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில். மற்றவர்கள் எழுதியதில் நாள் முழுக்கத் தப்புக் கண்டுபிடிப்பேன். வீட்டுக்கு வந்தால் என்னுடையது மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

இப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது. அப்போதுதான் ஆன்ட்டியின் மகள் வந்தாள். அவளுக்கு ஹூப்ளியில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள், மூன்று வருடமாகியிருந்தது. ஒரு பெரிய பெட்டியோடு வந்தவள், பூஜைக்கு வந்தேன் என்றாள். பத்து நாள் முன்பே பூஜைக்கு யாராவது வருவார்களா? திரும்பப் போகப் பிடிக்கவில்லை என்று நாலாம் நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். காரணம் கேட்டால், அவர் என்னோடு பேசுவதே இல்லை என்றிருக்கிறாள். ஆன்ட்டிக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை.

பூஜையன்று மாலை மஞ்சள் குங்குமத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஆன்ட்டியுடையது மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பூஜையில் பாதி தமிழ், பாதி கன்னடம். வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் கொடுத்துவிட்டு, என் கையை விடாமல் சமையலறைக்குக் கூட்டிப் போனார். மகளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"இவளுக்கு நீ ஸ்வல்ப புத்தி சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் எங்கேயோ கண்காணாத தேசத்துல இருக்கார். நீ ஒரு நாள் மூஞ்சி தூக்கி வச்சு நான் பார்த்ததில்ல. இவ ஒரே வீட்ல புருஷனோட இருந்துக்கிட்டு குறை சொல்றா."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அவள் என்னோடு மாடிக்கு வந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டோம். வெளியே தூறலில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவள் மெதுவாகத்தான் பேசினாள். கணவர் கெட்டவர் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் வாயே திறக்க மாட்டார் என்றாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, நான் அந்த வீட்டில் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது என்றாள். அவள் சொன்னது என் கதை. அப்படியே என் கதை.

அந்த இடத்தில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான்க்கா பேசுவீங்க?" என்று அவள் கேட்டதும், என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. காலையில் அவர் கூப்பிடுவது, அங்கே பனி கொட்டுவது, ரசத்தில் அவர் பெருங்காயத்தை அதிகம் போட்டுவிட்டது, நாங்கள் அதற்குச் சிரித்தது. இருபது நிமிஷம் பேசியிருப்பேன். அவ்வளவு அழகாக நான் என்றுமே பேசியதில்லை. கனவில் நடப்பதைப் போல வார்த்தை வந்துகொண்டே இருந்தது.

பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தால், கண் நிறைந்திருந்தது.

"எல்லாம் நம்ம நடந்துக்கறதுலதான்க்கா இருக்கு. எங்கிட்டதான் ஏதோ சரியில்ல. ஞாயித்துக்கிழமை ட்ரெயினுக்கே போயிடறேன். இன்னும் கொஞ்சம் பொறுமையா இருந்து பாக்கறேன்."

அவள் இறங்கிப் போனபின், ஆன்ட்டி சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறைய ஒப்பட்டு, நம் ஊர் போளி, அனுப்பினார். நல்ல நெய் ஒப்பட்டு. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காலையிலேயே கிளம்பிவிட்டேன். பூஜை முடிந்த மார்க்கெட்டில் தாமரையும் வாழைக்கன்றும் மிதிபட்டுக் கிடந்தன. எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். அது அவர்கள் வீட்டு விவகாரம், நான் யார் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும், மறுபடி ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நிற்க வேண்டும் என்றும் பயந்தேன். கேவலம்தான், ஆனால் பயந்தேன். இன்னொரு பக்கம், இல்லாத ஒருவரோடு தன் கணவரை ஒப்பிட்டுப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று முடிவு செய்து ஒரு பெண் ரயில் ஏறப் போகிறாள். நாளைக்கு அவள் அங்கே போய், இன்னும் இனிமையாகப் பேசி, இன்னும் பொறுத்து, அதுவும் பலிக்காதபோது தன்னைத்தானே இன்னும் கொஞ்சம் வெறுப்பாள். அந்த வழி எனக்குத் தெரியும். நான் போன வழி.

ஒரு பூக்கடை ஓரம் தூறலுக்கு ஒதுங்கியபோது, பழக்கதோஷத்தில் போனை எடுத்து அந்த அமெரிக்க ஊரின் வானிலையைப் பார்த்தேன். அங்கே நல்ல வெயில். பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த இரண்டு வருடத்தில் புனேயில் மழையா வெயிலா என்று நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. என் கணவர் இருந்த ஊர் அதுதான். அவர் அங்கே நனைகிறாரா, சாப்பிட்டாரா, எதையும் நான் நினைத்ததில்லை. அவர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கணவர் இருக்கிறார் என்ற ஒரு பேச்சு மட்டும் வேண்டியிருந்தது. அவர் போனில் பத்து நிமிஷம் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அந்தப் பூக்கடை வாசலில் நின்று, இரண்டு வருடம் தாமதமாக அழுதேன். பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல், நனையாத பக்கமாக என்னைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

ஞாயிறு காலை கீழே போனேன். ரயில் மத்தியானம். மகள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஆன்ட்டி வழிக்குச் சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம். நின்றபடியே சொன்னேன். என் கணவர் அமெரிக்காவில் இல்லை. புனேயில் இருக்கிறார். என்னை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் பொறுமையாகத்தான் இருந்தேன், அதனால் ஒன்றும் சரியாகவில்லை. நீ போவதும் போகாததும் உன் இஷ்டம், ஆனால் என்னைப் பார்த்துப் போகாதே.

மகள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்த ரசம்?" என்றாள்.

"அதுவும் நான் சொன்னதுதான்."

ஆன்ட்டி கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். நீ மேலே போம்மா என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் அன்று ரயில் ஏறவில்லை. அதற்குப் பதிலாகக் கணவருக்கு போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாள், முதல் தடவையாக மனதில் இருந்ததை எல்லாம் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கு மேல் என்ன ஆனது என்பது அவள் கதை, அதை நான் சொல்லக் கூடாது. நானும் அன்று மாலையே குடியாத்தத்துக்கு போன் செய்துவிட்டேன். அம்மா அழுதார், திட்டினார், பிறகு பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் தினமும் கூப்பிட்டு, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

மூன்று நாள் கீழ் வீட்டில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் போகிறார்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்து வீடு தேட ஆரம்பித்திருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஆன்ட்டியே மாடிக்கு வந்தார். முழங்கால் வலியால் அவர் படி ஏறுவதே இல்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கே நீ நெஜத்தைச் சொல்லியிருந்தா உனக்கு நான் வீடு குடுத்திருக்க மாட்டேன். அதை நானும் ஒத்துக்கணும், அல்வா?"

அவருடைய கன்னட ‘அல்லவா’வுக்கு நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா எனக்கு மனசு ஆறலம்மா. ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம கோயில்ல உன் வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வரேன். பத்திரமா ஊர் திரும்பணும், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்னு. அந்த அர்ச்சனையெல்லாம் யாருக்குப் போச்சு, சொல்லு."

எப்போதோ ஒரு நாள் ஆன்ட்டி என் கணவரின் பெயரும் நட்சத்திரமும் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சும்மா கேட்கிறார் என்று நினைத்து, இருந்ததையே சொல்லியிருந்தேன். பெயரும் நிஜம், நட்சத்திரமும் நிஜம். மல்லேஸ்வரத்து அர்ச்சனையில் ஒரு மனிதர் புனேயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நன்றாக இருந்திருப்பார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நான்கு கதை சொல்லி ஒரு வீட்டு ஓனரை ஏமாற்றினேன் என்று மட்டும்தான் அதுவரை எண்ணியிருந்தேன். அந்தப் பக்கம் ஒருவர் எனக்காக இவ்வளவு செலவழித்துக்கொண்டிருப்பார், மழையில் நடந்து போய், கால் வலியோடு வரிசையில் நின்று, என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள் ஆன்ட்டி என்றேன்.

அவர் எழுந்து, படிக்கட்டு வரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் நட்சத்திரம் என்ன? அதை நான் ஒரு நாளும் கேக்கலியே."

"பூசம் ஆன்ட்டி," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

இன்றும் யாராவது நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால், வாயில் வரும் பதிலைச் சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன், ஏனென்றால் நான் யாரைப் பற்றிச் சொல்கிறேனோ அந்த ஆளுக்காகத்தான் அவர்கள் எங்கோ போய் வேண்டிக்கொள்ளப் போகிறார்கள், அந்த ஆள் நானாக இருக்க வேண்டும்.