'வெட்டு' என்று நைனாவிடம் சொன்ன நாள்

இங்கே அறுவைக்கு முன்னால் டாக்டர் மார்க்கர் பேனாவோடு வருகிறார். வெட்டப்போகிற காலில் அம்புக்குறி போட்டுவிட்டு, "இன்று உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம், நீங்களே சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் கேட்கிறார். மகன், மகள், மருமகன் எல்லாரும் சுற்றி நின்றாலும் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நான்கு வருடம் வேலை பார்த்தும் இந்தக் கேள்வி எனக்கு இன்னும் பழகவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு, காலை வெட்டுவதற்கு டாக்டர் சொன்ன 'ஆம்ப்யூடேட்' என்ற சொல்லை, "எடுத்துடுவாங்க ஐயா" என்று பூசி மெழுகிச் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "இவர் ஏன் சிரிக்கிறார்?" என்று டாக்டர் கேட்டார். விசாரித்தால், காலில் சுற்றிய துணிக்கட்டை எடுப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். 'வெட்டி' என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரான ஆந்திரச் சித்தூரில் நாங்கள் 'கட்' சொல்லாத நாளே கிடையாது. கரண்ட் கட், காலேஜில் கிளாஸ் கட், பிறந்தநாளுக்குக் கேக் கட். காய் அரிவோம், வாழைத்தண்டு நறுக்குவோம், மரம் வெட்டுவோம். மனித உடம்பு என்று வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. நகத்தைக்கூட எங்கள் வீட்டில் 'எடுப்பது'தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தபோது, கட்டி கரைய ஊசி போடுகிறார்கள் என்றே கடைசிவரை சொல்லிவந்தோம். சொன்னவர்களில் நானும் உண்டு. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பினோம்.

போன பிப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குள் நுழையும்போது அண்ணன் கூப்பிட்டான். அப்பாவை, எங்கள் பேச்சில் நைனாவை, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாளாகியிருந்தது. பாதத்தில் சர்க்கரைப் புண். சித்தூர் திருப்பதி பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக நின்றே போன மனிதர்.

"முட்டிக்குக் கீழ எடுக்கணுமாம். 'லேட் சேயொத்து', லேட் பண்ணாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயந்திரத்துக்குள்ள ஆவலன்னா உசுருக்கே ஆபத்தாம். நைனா கையெழுத்து போடமாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு இருக்காரு. புண்ணை க்ளீன் பண்றாங்கோன்னு நீ சொல்லு. ஆஸ்பத்திரில வேலை செய்றவ நீ, உன் பேச்சை நம்புவாரு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நிஜத்தைச் சொல்லி அவரு ஒத்துக்கலன்னா? செத்தா நீ வந்து பாப்பியா?"

என்னால் போக முடியாது என்பது அவனுக்குத் தெரியும். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். பதில் வருமுன் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். மறுபடி உள்ளே வருவது நிச்சயமில்லை. அண்ணன் மேல் கோபம் வந்தது. அவன் சொல்வதில் நியாயம் இருந்ததால் அந்தக் கோபம் இன்னும் ஏறியது.

அண்ணன் நைனா பக்கம் திருப்பிய வீடியோவில் அவர் முகம் சுருங்கித் தெரிந்தது. "துன்னியாம்மா?" என்று கேட்டார். பிறகு, "இன்னா பண்ணப்போறாங்கோ? உங்கண்ணன் வாயத் தொறக்கமாட்றான். நீ சொல்லு" என்றார்.

க்ளீன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அம்மாவுக்குச் சொன்ன ஊசி நினைவுக்கு வந்தது. "முட்டிக்குக் கீழே காலை வெட்டி எடுக்கப்போறாங்க நைனா. எடுக்கலன்னா உசுருக்கு ஆபத்து" என்றேன். என் குரல் எனக்கே யாரோ டாக்டருடையதைப் போலக் கேட்டது. அண்ணன் போனைப் பிடுங்கினான். திரை இருண்டது.

அரைமணி நேரம் தாழ்வாரத்தில் நின்றேன். திரும்பக் கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை. அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி "ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். இங்கே அது வணக்கம் சொல்வதைப் போல.

போன் அடித்தது. நைனாதான். "கையெழுத்து போட்டுட்டேன். எனக்குத் தெரியும்மா. நாலு நாளா கால் நாறிக்கினு கீது, தெரியாதா? சொல்றதுக்கு உங்கண்ணனுக்கு வாய் வரல. அவன் தாங்கமாட்டான்னு நானும் தெரியாத மாரி இருந்தேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ எப்போ வர?" என்றார்.

விசா, விண்ணப்பம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சற்றுமுன் அதைவிடக் கடினமானதைச் சொன்ன அதே வாய்தான். "ரெண்டு வாரத்துல வந்துடுவேன் நைனா."

அவர் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றார், நான்கு நாளாக அண்ணனிடம் எதுவும் தெரியாத மாதிரி பேசியிருப்பாரே, அந்தக் குரலில். "பொறுமையா வா."